மாரிச்செல்வி கேட்ட சத்தம்

மகனே, நீ சவூதியிலிருந்து நம் குடும்பக் குரூப்பில் போட்ட பேச்சை நம் பாத்திரக்கடையில் வைத்துத்தான் கேட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் போனை மெதுவாக வைத்துக் கேட்கத் தெரியாதே, அவர்களும் சேர்ந்து கேட்டார்கள். "பிள்ளையப் பாத்துக்கிடத் தெரியாம கொன்னுட்டா. நான் லீவுக்கு வாரதுக்குள்ள அவள மேலநீலிதநல்லூர்ல அவ அம்மா வீட்ல கொண்டு விட்டுருங்க. அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்." இதுதான் உன் பெண்டாட்டி மாரிச்செல்வியைப் பற்றி நீ சொன்னது. அண்டா பார்க்க வந்தவர்கள் விலைகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டதால் நானும் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். இந்தத் தாளை அப்படியே படம் பிடித்து அதே குரூப்பில்தான் போடப்போகிறேன். உனக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. அந்தக் குரூப்பில் எத்தனையோ வீடுகளில் தவழுகிற பிள்ளைகளும் நடை பழகுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் பேரன் கதிருக்கு நடந்தது என்னவென்று அவர்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. உனக்கும் யாரும் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

வருஷப் புளி வாங்கி வீட்டிலேயே உடைத்து உப்புப் போட்டு வைப்பது நம் வீட்டில் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. இந்த வருஷமும் புளியங்குடிப் பக்கமிருந்து மூட்டை வந்து இறங்கியது. உன் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பின்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வியும் உட்கார்ந்தாள்தான். சோற்றுக்கு உலை வைக்க நேரமாகிவிட்டது என்று உன் அம்மா அவளை உள்ளே அனுப்பினாள். இதை முதலில் தெரிந்துகொள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாமல் அவள் எங்கும் போய்விடவில்லை. நாங்கள் ஏவிய வேலையைச் செய்யப் போனாள். பிள்ளை எங்கள் நான்கு பேர் நடுவில்தான் இருந்தான். நான் சாப்பிட வந்திருந்தேன். கடையிலிருந்து ஒரு குட்டிச் செம்பு கொண்டுவந்திருந்தேன் அவனுக்கு. குலுக்கினால் சத்தம் வருமே என்று அதில் உடைத்த புளியின் கொட்டையை, புளியமுத்து நாலைந்தை, அள்ளிப் போட்டுக் கொடுத்தது நான்தான். அவன் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தான். அதைப் படம் பிடித்து உனக்கும் அனுப்பினோம். நீயும் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பி, இன்னொரு தடவை எடுத்து அனுப்பச் சொன்னாய். அந்த இன்னொரு தடவையை யாரும் எடுக்கவில்லை.

செம்பைக் கவிழ்த்து அதில் ஒன்றை அவன் வாயில் போட்டதை யாரும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். ஓட்டத்தில் சட்டென்று நின்றான். ஒரு இருமல் வந்தது பார், அந்த மாதிரி இருமலை நான் கேட்டதில்லை. முகம் செக்கச் சிவந்து, உதட்டோரம் நீலம் பாய்ந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, கொஞ்ச நேரம் சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். உன் அம்மா வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். அதற்குள் அவனே இருமி இருமி மூச்சை வாங்கிவிட்டான். அழுகையும் வந்தது. அழுகை வந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நாங்கள் செய்த இரண்டுமே தப்பு என்று. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டால் அது இன்னும் உள்ளேதான் போகும். தலைகீழாகத் தொங்கவிட்டால் கீழே இருப்பது மேலே வந்து குரல்வளையை அடைத்துக்கொள்ளும். பிள்ளை சத்தமாக இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தால் அதன் பாட்டில் இரும விட வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, பழம் கொடுக்கக் கூடாது. இருமி முடித்து நன்றாகச் சிரித்து விளையாடினாலும் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய், "எதையோ வாயில் போட்டான், இப்படி இருமினான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு இருமலைச் சொல்லிவிட்டால் போதும், அவர்கள் தேடுவார்கள்.

நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. தொக்கம் எடுக்கப் போனோம். நம் ஊரில் பிள்ளைக்குத் தொண்டையில் எது சிக்கினாலும் எல்லோரும் செய்வதுதான், உனக்கும் சின்ன வயதில் செய்திருக்கிறோம். தொக்கம் எடுக்கிற அம்மா அவனை மடியில் போட்டு, தொண்டையில் விளக்கெண்ணெய் தடவி நீவி, காதில் ஊதினாள். கழுத்தில் வாயை வைத்து உறிஞ்சி, தண்ணீர் வைத்திருந்த தட்டில் துப்பினாள். தட்டில் பழுப்பாக ஒரு துணுக்கு மிதந்தது. புளியின் மேல்தோடு மாதிரி இருந்தது. "வந்துட்டு பாருங்க அண்ணாச்சி, இதான் பிள்ளையப் பாடாப் படுத்திருக்கு" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த அம்மாளைத் திட்டி எழுத மாட்டேன். அவள் எங்களைக் கூப்பிடவில்லை, நாங்கள்தான் போனோம். கண்ணால் ஒன்றைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்கத் தோன்றாத ஆட்கள் நாங்கள். கழுத்துத் தோல் வழியாக ஒரு பொருள் எப்படி வெளியே வரும் என்று, பித்தளையையும் எவர்சில்வரையும் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மாரிச்செல்வி ஒருத்திதான் தட்டைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே அவள் ஆரம்பித்துவிட்டாள். "மாமா, அவன் இருமும்போது ஒரு சத்தம் கேக்கு. உள்ளுக்குள்ள என்னமோ டக்குன்னு தட்டுத மாதிரி இருக்கு. கழுத்துல கைய வச்சா கைலயே தட்டுது." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அதான் வெளிய வந்துட்டேம்மா" என்றேன். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்களே காத வச்சுப் பாருங்க மாமா" என்றாள். வைத்தேன். ஒரு பாத்திரத்தை விரலால் சுண்டினால் எங்கே கீறல் என்று சொல்கிறவன் என்று நம் ரத வீதியில் எனக்குப் பேர். அந்தப் பேரோடு என் பேரன் முதுகில் காதை வைத்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவன் இருமும் வரைக்கும்கூட நான் காத்திருக்கவில்லை. "ஒண்ணும் இல்ல, சளி" என்றேன். சாயங்காலம் வரும்போது மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கி வந்தேன். உன் அம்மா உன்னை உதாரணம் காட்டினாள். உனக்கு இரண்டு வயதில் ராத்திரி ராத்திரி நாய் குரைக்கிற மாதிரி இருமல் வந்து, தொண்டை கட்டி, மூச்சை இழுக்கும்போது கொர்ரென்று சத்தம் வந்ததே, டாக்டர் ஒரு வேளை மருந்திலேயே சரிசெய்தாரே, "இவன் அப்பனுக்கு வந்தது இவனுக்கும் வருது" என்றாள். அப்போது உனக்குக் காய்ச்சல் இருந்தது, இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பிறகுதான் இருமல் வந்தது. இவனுக்குக் காய்ச்சலே இல்லை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு நொடியில் வந்த இருமல் இது. "காய்ச்ச இல்லியே அத்தை, திடீர்னுல்லா வந்தது" என்று மாரிச்செல்வி சொன்னாள். உன் அம்மா, "ஏட்டி, நான் பிள்ள வளத்தவதான்" என்றாள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

இனி உன்னிடம் வருகிறேன். அன்று ராத்திரி நீ வீடியோவில் வந்தாய். மாரிச்செல்வி போனை அடுக்களைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போனவன் வாசல் நிலையிலேயே நின்றேன். அவள் உன்னிடம் எல்லாம் சொன்னாள். சத்தம் கேட்பதைச் சொன்னாள். கையில் தட்டுவதைச் சொன்னாள். "நாளைக்கு நான் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன், நீங்க மாமாட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டாள். நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவில் இருக்கிறது. "அதான் எடுத்தாச்சுல்லா. இருமுனா ஒடனே ஆஸ்பத்திரியா? அங்கன போனா படம் எடுக்கணும் அது எடுக்கணும்னு பிள்ளையப் போட்டு உருட்டுவான். சும்மா எதையாவது நெனச்சுக்கிட்டுக் கெடக்காத. அப்பா சொல்லுதத கேளு." அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். நீ என்னை நம்பிச் சொன்னாய். நான் அந்தத் தட்டை நம்பியிருந்தேன். அவளை நம்ப அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அதற்கு அடுத்த நாள் மதியம். நான் வீட்டில்தான் இருந்தேன். பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று விளையாடினான். இருமினான். அந்த இருமலோடு எல்லாம் மாறிவிட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம். தொண்டைக்குக் கீழே இருக்கிற குழியும் விலா எலும்புக்கு நடுவில் இருக்கிற சதையும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே உள்ளே போயின. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. அழ வாயைத் திறந்தான், குரல் இல்லை. உன் அம்மா பாயை விரித்துப் படுக்கப் போட்டு நெஞ்சில் தைலம் தேய்க்கப் பார்த்தாள். படுக்கப் போட்டதும் அவன் திணறி எழுந்து உட்காரத் துடித்தான். மாரிச்செல்வி அத்தையின் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா அவனைப் படுக்கச் சொல்லவில்லை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை. "அம்மா மடியிலயே இருக்கட்டும், அழ விடாதீங்க" என்று சொல்லி, ஆக்சிஜன் குழாயை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடியே மாரிச்செல்வியிடம் கேட்டார். அவள் முதல் நாள் இருமலிலிருந்து ஆரம்பித்தாள். புளியமுத்து என்று சொன்னதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, திருநெல்வேலிக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டார்.

பனவடலிசத்திரம் தாண்டும் வரை அந்தக் கீச்சுச் சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் காதைப் பொத்திக்கொண்டேன். தேவர்குளத்துக்கு முன்னால் அது நின்றது. நின்றதும் நல்லாகிவிட்டது என்று நினைத்தேன் மகனே. அவ்வளவு பெரிய முட்டாள் நான். டாக்டரம்மா பிள்ளையைப் பிடுங்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார், வயிற்றில் அழுத்தினார், படுக்கையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார், குழாய் விடப் பார்த்தார். கொட்டையைக் குரல்வளையிலிருந்து கீழே தள்ளித்தான் கொஞ்சம் காற்றுப் போக வழி கிடைத்தது. அதற்குள் மூளைக்குக் காற்றுப் போகாமல் நேரமாகிவிட்டது. திருநெல்வேலியில் மயக்கம் கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் கொட்டையை எடுத்தார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர் அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். ஈரத்தில் ஊறி, தோல் வெடித்து, செம்பில் நான் போட்டதைவிடப் பெருத்திருந்தது. "மூச்சுக் குழாயில மேலயும் கீழயும் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அதான் அந்தத் தட்டுற சத்தம். நாளாக நாளாக ஊறி மேல வந்து மாட்டிக்கிடுச்சு" என்றார். "முதல் நாளே வந்திருந்தா அரை மணி நேர வேலை" என்றும் சொன்னார். மாரிச்செல்வி பக்கத்தில்தான் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மூச்சு மெஷினில் இருந்தான் பிள்ளை. கண்ணைத் திறக்கவே இல்லை. நீ டிக்கெட் போட்டு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவன் மெஷினில் இருந்த நாட்களில் அங்கே ஒரு நர்ஸ் எங்களுக்குத் துண்டைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இதை எல்லோரும் படித்துவிட்டு அவரவர் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தொண்டை அடைத்த பிள்ளைக்கு இருமலும் அழுகையும் குரலும் நின்றுபோனால் அப்போதுதான் கை வைக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால் முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை நன்றாகத் தட்ட வேண்டும். வரவில்லை என்றால் பின்னால் முட்டி போட்டுக் கட்டிப்பிடித்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது. நம் முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, தாடையைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அமுக்கு. வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். துவண்டு விழுந்துவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். வாயில் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்க வேண்டும். அடைப்பு இல்லாமல் காய்ச்சலோடு எச்சில் வழிந்து, மூச்சில் சத்தம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அப்போது தொண்டைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, படுக்கவைக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு போய்விட வேண்டும். நான் எழுதி வைத்துக்கொண்டதையே இங்கே எழுதியிருக்கிறேன்.

நீ வந்தாய். பதினாறு முடிகிற வரை இருந்தாய். அவ்வளவு நாளும் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாயே தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ, "பெத்தவ ஒரு கண்ணு வச்சிருக்க வேண்டாமா" என்று சொன்னபோது நீ தலையை ஆட்டினாய். நான் வாயைத் திறந்திருக்கலாம். உனக்கு இருந்த துக்கத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி போனில் நீ சொன்னதை அவள் வெளியே விடுவாள், இப்போது விடுவாள், இப்போது விடுவாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். விடவில்லை. அவளுடைய அம்மா வந்து கட்டிக்கொண்டு அழுது, "நீ ஏம்ட்டி கொண்டு போகல, ஒனக்குக் காலு இல்லையா" என்று கேட்டபோதுகூட விடவில்லை.

உன் பேச்சு குரூப்பில் வந்த அன்று கடையை அடைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அவளும் கேட்டிருந்தாள். அலமாரியைத் திறந்து வைத்துத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். போகத் தயாராகிறாள் என்று தெரிந்தது. "அம்மா, அவன் அன்னைக்கு போன்ல என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். நான் நின்னு கேட்டேன். நீ ஏன் யார்ட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். கையில் இருந்த துணியை அலமாரித் தட்டில் வைத்தாள். "அவுக அங்கன தனியா கெடக்காக மாமா" என்றாள். "ரூமுக்குப் போனா பேச ஆளு கெடையாது. இதையும் சேத்து எப்படித் தூக்குவாக?" அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மடிக்கக் குனிந்தாள். மடித்ததெல்லாம் கதிரின் சட்டைகள்.

அவளை நான் எங்கேயும் கொண்டு விடப்போவதில்லை. அது உன் அம்மாவே அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போக விடமாட்டேன் என்று எடுத்த முடிவு. அதனால் நீ லீவுக்கு வருவதென்றால் அவள் இருக்கிற வீட்டுக்குத்தான் வர வேண்டும். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். நீ தனியாகத் தூக்க வேண்டாம் மகனே. செம்பில் கொட்டையைப் போட்டவன் நான், விரலை விட்டவள் உன் அம்மா, வேண்டாம் என்றவன் நீ. மூன்று பேரும் தூக்குவோம். வந்து காலைக் கழுவியதும் அவள் பக்கத்தில் உட்கார். அன்றைக்கு என்ன சத்தம் கேட்டது என்று அவளிடம் கேள். அதை அவள் என்னிடம் சொன்னாள், உன் அம்மாவிடம் சொன்னாள், உன்னிடம் சொன்னாள். ஒருத்தரும் முழுக்கக் கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள்.